மாடு என்னத்தைத் தின்கிறது? கிராமம் கட்டும் விளையாட்டுகளில் கால்நடைக் கணக்கு

போன சித்திரையில் காங்கயம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன், வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு பேனிஷ்ட் ஆடிக்கொண்டிருந்தான். ஊரைவிட்டு விரட்டப்பட்ட சில குடும்பங்கள் காட்டுக்குள் புதிதாகக் குடியேறிப் பிழைக்கும் விளையாட்டு அது; 2014இல் வந்தது. திரையில் பனிக்காலம். வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் பத்திருபது மாடுகள் நின்றுகொண்டிருந்தன. பருத்திக்கொட்டை ஆட்டிய வாளியோடு கட்டுத்தரைக்குப் போன அப்பா, நின்று எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நெலமெல்லாம் பனி மூடிக் கெடக்குதே. அந்த மாடுங்க என்னத்தத் தின்னுது?"

"அதுங்களுக்கு ஒன்னும் போட வேண்டியதில்லீங்க அப்புச்சி."

"செரி, சாணிய எங்க கொண்டுபோய்க் கொட்றாங்க?"

"சாணியே போடாதுங்க."

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வாளியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு மட்டும் அந்த இரண்டு கேள்வியும் மனதைவிட்டுப் போகவில்லை. இந்த வகை விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக ஆடுகிறேன். கால்நடை மட்டும் ஏன் எல்லாவற்றிலும் சரியாக உட்காரமாட்டேன் என்கிறது என்று யோசித்திருக்கிறேன். விடை அந்தக் கேள்விகளுக்குள்ளேயே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பட்டது.

முதலில் 'பேலன்ஸ்' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஆடுகிறவர் முன்னால் நாலு வழி இருந்தால், நாலில் எதில் போகவும் ஏதாவது ஒரு சமயம் காரணம் இருக்கவேண்டும். எப்போதும் ஒரே வழியில்தான் லாபம் என்றால் மற்ற மூன்றும் பொம்மைதான். கால்நடையில் இந்தக் கோளாறு அடிக்கடி வரும். ஒன்று, ஆடு மாடு எதற்கும் ஆகாமல் அழகுக்கு நிற்கும். அல்லது ஏதாவது ஒரு பிராணி மட்டும் ஊரையே தூக்கி நிறுத்தும், மற்றதை யாரும் வாங்கவே மாட்டார்கள்.

காரணம் இதுதான். விளையாட்டைச் செய்கிறவர் பிராணியை ஒரு சின்னத் தொழிற்சாலையாக எழுதிவிடுகிறார். பேனிஷ்டில் மாடு என்றால் இறைச்சியும் தோலும், செம்மறி என்றால் இறைச்சியும் கம்பளியும், கோழி என்றால் இறைச்சியும் முட்டையும். அவ்வளவுதான். மாட்டுக்குப் பால்கூடக் கிடையாது. இப்படி எழுதிவிட்டால் ஆடுகிறவருக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு: இத்தனை கட்டம் நிலத்துக்கு, இத்தனை ஆளுக்கு, எதில் அதிகம் வருகிறது? ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டால் விடை தெரிந்துவிடும். பிறகு எல்லா ஊரிலும் அதே பிராணிதான். செய்தவர் அதைப் பார்த்துவிட்டு முட்டையைக் குறைப்பார், இறைச்சியைக் கூட்டுவார். விடை வேறொரு பிராணிக்கு மாறும். வகுத்தல் கணக்கு அப்படியேதான் இருக்கும்.

ஒரே பொருளை வைத்துப் பிராணிகளை எடைபோடுவதில் தப்பில்லை, கேட்பவருக்கு அந்த ஒரு பொருள்தான் வேண்டும் என்றால். அப்படி ஒரு பட்டியல் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் நம்மிடமே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. முதலாம் ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய். அதற்கு ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16. அதாவது ஓர் எருமைக்கு மூன்று பசு, ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு. இடையரிடம் விட்ட அந்த ஆடுகளுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகவும் சாகாது, மூப்பும் அடையாது. செத்ததற்கு ஈடாகக் குட்டி வந்து சேர்ந்துகொண்டே இருக்கும், 96 என்ற எண் மட்டும் மாறக்கூடாது. கோயிலுக்கு வேண்டியது நெய். நெய்க்கு இந்தக் கணக்குப் பொருந்துகிறது. அந்த ஆட்டை வைத்திருந்த இடையருக்கு இது போதாது. குட்டி எத்தனை போட்டது, எந்த மேட்டில் மேய்ப்பது, கோடையில் தழைக்கு எங்கே போவது என்பதெல்லாம் அவருடைய தலைவலி. கல்வெட்டில் அதற்கு இடமில்லை.

கிராமம் கட்டும் விளையாட்டில் நாம் கோயில் கணக்கராக இருக்கப் போகிறோமா, இடையராக இருக்கப் போகிறோமா? கணக்கர் வேலை என்றால் பேனிஷ்ட் செய்ததே போதும். ஆனால் கிராமத்தை நடத்து என்று சொல்லி உள்ளே கூப்பிட்டுவிட்டு, சாவா மூவா ஆட்டைக் கையில் கொடுத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கிறது.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் எவ்வளவு இறைச்சி என்பதில் இல்லை, எவ்வளவு வேகம் என்பதில் இருக்கிறது. செம்மறி 5 மாதத்தில் ஈனும், ஒரு வயதுக்குள் அடுத்த தலைமுறையே சினைக்குத் தயாராகிவிடும். மாட்டுக்குச் சினைக்காலம் மட்டும் 9 மாதத்துக்கு மேல். நாட்டுக் கெடாரி பருவத்துக்கு வர மூன்று ஆண்டுக்குக் குறையாது. பத்துப் பெட்டை ஆடு வைத்திருக்கிறோம், ஆண்டுக்கு ஆளுக்கொரு குட்டி, பாதி பெட்டை, சாவு இல்லை, விற்பனை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முடிவில் 15, அப்புறம் 22, 33, 50. ஐந்தாம் ஆண்டில் 75. பத்துப் பசு அதே ஐந்தாண்டில் கறவைப் பசு இருபதைத் தொடாது. இதில் கறி விலையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி என்ன ஆகப் போகிறது? வட்டி விகிதமே வேறு. தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் எந்த விளையாட்டிலும் கடைசியில் செம்மறிதான் ஜெயிக்கும்.

இந்தத் தடையைப் பேனிஷ்ட் 'இந்த வேலிக்குள் இத்தனை உருப்படி' என்று உச்சவரம்பாக வைக்கிறது. நிரம்பியதும் மிச்சத்தை மேய்ப்பவர் அறுத்துவிடுவார். வேலை நடக்கிறதுதான். ஆனால் ஏன் அத்தனைதான் என்ற கேள்விக்கு விளையாட்டுக்குள் பதில் இல்லை. சட்டம் அப்படி, முடிந்தது. நிஜத்தில் அந்த வரம்பை எது வைக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்துக் கொரங்காட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கிளுவை முள்வேலி அடைத்த, சில ஏக்கர் அளவுள்ள காடுகள். உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். மலை மறைவில் இருப்பதால் இந்தப் பக்கம் மழை ஆண்டுக்கு 600, 700 மில்லிமீட்டர்தான் பெய்யும். நெல்லுக்கு ஆகாது, எல்லா ஆண்டும் சோளத்துக்கும் ஆகாது. அதனால் நிலத்தைப் புல்லுக்கே விட்டுவிட்டார்கள். பொது மந்தை நிலமில்லை, ஆளாளுக்குச் சொந்தக் காடு. காங்கயம் மாடும் செம்மறியும் இதில்தான் வளர்கின்றன. புல் கெட்டிப்பட்டுப் போனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளம் விதைத்து மண்ணைக் கிளறிவிட்டுத் திரும்பவும் புல்லுக்கு விடுவார்கள்.

இந்தக் காட்டுக்குள் நின்று பார்த்தால் ஒவ்வொரு பிராணிக்கும் தனி இடம் இருப்பது தெரியும். மாடு நாக்கால் சுழற்றிப் பிடுங்கித் தின்னும். உயர்ந்த புல்தான் அதற்கு வாகு. செம்மறி உதட்டால் கடித்துத் தரையோடு மேயும். மாடு விட்டதில் அதற்குப் பிழைப்பு இருக்கிறது. வெள்ளாடு தலையை நிமிர்த்தித் தழையைப் பார்க்கும். கோடையில் புல் கருகியபின் வெள்வேலங்காய் கைகொடுக்கும், ஆட்டுக்கு அது நல்ல தீனி. ஆகவே மாட்டைக் குறைத்து அதே அளவு ஆட்டைக் கூட்டினால் கணக்கு நேராகாது. ஒரே நிலத்தில் இரண்டும் இருந்தால் தனித்தனியாக இருப்பதைவிட நிலம் நன்றாகப் பயன்படும். விளையாட்டில் 'இந்தக் கட்டத்தில் மாடு, அந்தக் கட்டத்தில் ஆடு' என்று பிரித்துவைக்கும்போது போய்விடுவது இதுதான்.

இன்னொன்று, கிளுவை வேலி. மாட்டை உள்ளே விட்டுக் கடவை அடைத்துவிட்டால் பகல் முழுதும் ஆள் வேண்டாம். வேலி இல்லாத மேட்டாங்காட்டில் இருபது ஆட்டுக்கும் ஓர் ஆள், எண்பது ஆட்டுக்கும் ஓர் ஆள். வேலிக்கு வருஷா வருஷம் முள் வைத்து அடைக்கும் கூலியும், மேய்க்கிற ஆளின் கூலியும் ஒன்றுக்கொன்று எதிர்நிற்கிறது. ஆடுகிறவருக்கு இது எவ்வளவு நல்ல கேள்வி! ஆள் பற்றாக்குறை உள்ள புது ஊரில் வேலியில் முதல் போடுவதா, பிள்ளைகளை மேய்க்க அனுப்புவதா?

சரி, அப்பாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சாணி.

என் கண்ணில் இதுதான் பெரிய விஷயம். உரக்கடை வருவதற்கு முன்னால், உலகத்தின் பல மூலைகளில், கிராமத்துக் கால்நடையின் முக்கியமான வேலை எரு. எங்கள் பக்கம் அறுவடை முடிந்த காட்டில் பட்டி போடுவார்கள். மூங்கில் படலை வரிசையாக நட்டு வட்டம் கட்டி, ராத்திரிக்குச் செம்மறிகளை உள்ளே அடைப்பார்கள். பட்டிக்காரர் பக்கத்திலேயே சின்னக் கூண்டுக்குள் படுத்துக்கொள்வார். விடிந்ததும் படலைப் பிடுங்கி அடுத்த துண்டில் நட்டுவிடுவார். சின்ன வயதில் ஒரு தை மாதம் எங்கள் காட்டில் அப்படி அடைத்திருந்தது நினைவிருக்கிறது. காலையில் படல் எடுத்த இடம் மட்டும் கறுத்து, மிதிபட்டு, ஈரம் காயாமல் கிடந்தது. தள்ளி நின்றாலே மூத்திர நெடி மூக்கில் ஏறும். ஐந்தாறு மாதம் கழித்துச் சோளம் முளைத்தபோது எந்த ராத்திரி பட்டி எந்த இடத்தில் இருந்தது என்று பயிரைப் பார்த்தே சொல்லிவிடலாம். வட்டம் வட்டமாகக் கரும்பச்சை. அந்த ஆடுகள் எங்களுடையவை இல்லை. கறி எங்களுக்கு இல்லை, தோலும் இல்லை. நாங்கள் கூலி கொடுத்தது அவை படுத்து எழுந்ததற்கு.

இடைக்கால இங்கிலாந்திலும் இதே கதைதான். அங்கே கம்பளிதான் ஏற்றுமதிப் பொருள், ஆனாலும் ராத்திரியில் ஆடு எந்த வயலில் அடையும் என்பதற்குச் சண்டை. கிழக்கு இங்கிலாந்தில் பல ஊர்களில் குடியானவரின் ஆடுகள் பண்ணையாரின் நிலத்தில்தான் அடைய வேண்டும் என்று பண்ணையார் உரிமை வைத்திருந்தார். ஆட்டுப் புழுக்கைக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்றால் அதன் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, உடம்பில் மயிர்தான். கறிக்கும் தோலுக்கும் பெயர் போனது. குரும்பை ஆட்டில் முரட்டுக் கம்பளி கொஞ்சம் கிடைக்கும். 'செம்மறி என்றால் கம்பளி' என்று விளையாட்டுகள் பாடம் செய்து வைத்திருப்பது எங்கள் ஊருக்குச் சரிவராது. எரு மட்டும் எல்லா ஊருக்கும் பொது.

மண் களைத்துப் போகும் என்ற சங்கதியே பேனிஷ்டில் இல்லை. ஒரே வயலில் நூறு ஆண்டு அதே பயிரை வைக்கலாம். எருவுக்கு வேலை இல்லாத ஊரில் கால்நடைக்குப் பாதி வேலை போய்விட்டது என்று அர்த்தம். 2021இல் முழுதாக வந்த மெடீவல் டைனஸ்டி என்ற விளையாட்டு இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டிருக்கிறது. அதில் வயலுக்கு உரம் போட்டே ஆகவேண்டும், பன்றிக் கொட்டிலில் எரு கிடைக்கும். ஆகவே தொடக்கத்தில் பன்றி வாங்குகிறவர் கறியை நினைத்து வாங்குவதில்லை, வயலை நினைத்து வாங்குகிறார். அங்கே பன்றியின் கறிமதிப்பைப் பாதியாகக் குறைத்தாலும் பன்றிக்குத் தேவை போய்விடாது. 2024 ஏப்ரலில் முன்னோட்டமாக வெளிவந்த மேனர் லார்ட்ஸ் என்ற விளையாட்டில் தரிசு நிலத்தில் ஆட்டை அடைத்து மண் வளத்தை ஏற்றும் வழி ஒன்று உண்டு. பட்டி போடுகிற அதே யோசனை. அதைத் தனித் திறனாகப் புள்ளி கொடுத்து வாங்கவேண்டும் என்று வைத்திருப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. அது எந்தக் குடியானவனுக்கும் தெரிந்த விஷயம். அடிப்படையிலேயே இருந்திருக்க வேண்டும்.

ஆனால் எருது விஷயத்தில் மேனர் லார்ட்ஸைப் பாராட்டத்தான் வேண்டும். ஊர் தொடங்கும்போது கையில் ஒரே ஓர் எருது. வெட்டிய மரம் காட்டிலிருந்து வந்து சேர அதுதான் இழுக்கவேண்டும். ஆள் எத்தனை பேர் சும்மா நின்றாலும் எருது வராமல் வீடு எழும்பாது. இரண்டாவது எருதை எப்போது வாங்குவது என்பது அந்த விளையாட்டின் முதல் நல்ல முடிவு. அங்கே எருதுக்குக் கறியும் இல்லை, பாலும் இல்லை. அதன் பயன் முழுவதும் நேரத்தில் இருக்கிறது. 2001இல் வந்த ஸ்ட்ராங்ஹோல்டிலும் கல் சுமக்க எருதுதான். போதாவிட்டால் குவாரியில் கல் மலையாகக் குவிந்து கிடக்கும், கோட்டை எழும்பாது. அதே விளையாட்டில் பண்ணை மாட்டைப் பாலாடைக்கட்டிக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது தோல் கவசத்துக்குக் கொடுத்துவிடலாம். ஒன்றைச் செய்தால் மற்றது குறையும். இருபது ஆண்டுக்கு முன்னால் இவ்வளவு எளிமையாக அதைச் செய்துவிட்டார்கள்.

எருதின் மதிப்பு இழுவையில் இருந்ததைக் கொங்கு நாட்டில் கண்ணெதிரே பார்க்கலாம். சங்கப் பாட்டிலேயே கொங்கர் என்றால் மாடும் கிணறும்தான்: வன்னிலத்தைக் கணிச்சியால் குத்தித் தோண்டிய கிணற்றில் சிறிதாக ஊறும் நீரைக் கயிறு கட்டி முகப்பார்கள், மாடுகள் வந்து மொய்க்கும். அப்புறம் வந்தது கவலை என்ற ஏற்றம். பாறைக் கிணற்றிலிருந்து பறி என்ற பெரிய வாளி நிறையத் தண்ணீரை, ஒரு ஜோடி எருது சரிவில் இறங்கி இழுக்கும், பின்காலாலேயே மேலேறி வரும், மறுபடி இறங்கும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடக்கயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்து பாரம் கொடுப்பார். விடிவதற்கு முன்னால் பூட்டினால் வெயில் ஏறும்வரை இதே வேலை. தோட்டம் எத்தனை ஏக்கர் என்பதை எருது எத்தனை ஜோடி என்பதுதான் தீர்மானித்தது. கெட்டி உடம்பு, பிடிவாதமான கால் என்று காங்கயம் காளை பெயரெடுத்தது இந்த மாதிரி வேலையில்தான்.

1932இல் நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கம்பி கோயமுத்தூர்ப் பக்கம் இறங்கியது, பம்புசெட் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கவலை ஓய்ந்தது. பின்னால் டிராக்டர் வந்து ஏரையும் வண்டியையும் எடுத்துக்கொண்டது. காளையின் இறைச்சியோ தோலோ குறையவில்லை, அதன் வேலைதான் போயிற்று. வேலை போனதும் மாடே குறைந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் போல வம்சத்தைப் பேணிக் காத்தவர்கள் இருந்ததால் அந்த இனம் இன்றைக்கும் நிற்கிறது. பிராணியின் மதிப்பை அது தரும் பொருளில் தேடாதீர்கள், அதைச் சுற்றி நடக்கும் வேலையில் தேடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் எட்டு எருது பூட்டிய கனத்த ஏர். 1086இல் இங்கிலாந்தை ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது எத்தனை ஏருக்கு நிலம், எத்தனை ஏர் ஓடுகிறது என்று எழுதினார்கள். அந்த எட்டும் ஒரே வீட்டில் இருக்காது. ஆளுக்கு ஒன்றிரண்டு கொண்டுவந்து சேர்த்துக் கூட்டு ஏர் பூட்டுவார்கள். இந்தக் கூட்டு விஷயத்தை ஏன் எந்த விளையாட்டும் உருப்படியாகச் செய்யவில்லை என்று எனக்கு ஆதங்கம். எருதா குதிரையா என்ற கேள்விக்கு 13ஆம் நூற்றாண்டு ஆங்கில வேளாண் ஏடு ஒன்று எருதுதான் என்கிறது: குதிரைக்குத் தீனிச் செலவு அதிகம், கிழடானபின் எருதைக் கொழுக்கவைத்துத் தின்னலாம், குதிரையில் மிஞ்சுவது தோல் மட்டும். வேலை, தீனி, முதுமை மூன்றையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

கோழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிந்திய தானியத்தையும் பூச்சியையும் பொறுக்கித் தின்று வளரும். சாணியையும் ஈரக் கூளத்தையும் பானையில் அடைத்துக் காட்டில் கவிழ்த்துவைத்தால் ஒரு ராத்திரியில் கரையான் ஏறியிருக்கும். அதைக் குஞ்சுக்குக் கொட்டுவார்கள். வீட்டுக்கு ஏழெட்டுக் கோழிக்கு மேல் இப்படி வளர்க்க முடியாது. மேனர் லார்ட்ஸில் கோழிக்கூடும் ஆட்டுக் கொட்டகையும் வீட்டுக் கொல்லையோடு ஒட்டி வருவது அந்த வகையில் சரியான முடிவு. கோழி வீட்டைச் சேர்ந்தது, ஊரைச் சேர்ந்ததில்லை.

இதையெல்லாம் கேட்டு, ஒவ்வொரு மாட்டுக்கும் வயிறு, தாகம், நோய், மூப்பு என்று பட்டை பட்டையாகத் திரையில் வைத்தால் யாரும் ஆடமாட்டார்கள். கவனமும் தீனி மாதிரிதான், அளவாகத்தான் கிடைக்கும். என் யோசனை ஒன்றுதான்: ஊருக்கு ஒரு தட்டுப்போர். அறுவடை முடிந்ததும் சோளத்தட்டை அடுக்கிப் போர் போடுகிறோம், கோடையில் அது குறைந்துகொண்டே வருகிறது. எண்ணே வேண்டாம், போரின் உயரத்தைப் பார்த்தால் போதும். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனால் முதலில் தட்டுப்போரையும் கட்டுத்தரையையும்தான் பார்க்கவேண்டும் என்று என் அம்மாயி சொல்வார். அவருக்குத் தேவைப்பட்ட செய்தி எல்லாம் அந்த உயரத்தில் இருந்தது.

பேச்சோடு விடாமல் அக்கா மகனும் நானும் ஆசாரத்திலேயே புளியங்கொட்டை வைத்து ஆடிப் பார்த்தோம். ஒரு கொட்டை ஓர் ஆட்டின் ஒரு பருவத் தீனி. எருது ஒன்றுக்கு 6, பசுவுக்கு 5. மழைப் பருவத்தில் காடு 60 கொட்டை தரும், கோடையில் 20. காட்டுப் புல்லைச் சேர்த்துவைக்க முடியாது. வயலில் வரும் தட்டு 40, அதைப் போராக வைத்துக்கொள்ளலாம். அவன் 40 ஆடு, ஒரு ஜோடி எருது, ஒரு பசுவோடு தொடங்கினான். பருவத்துக்கு 57 வேண்டும். மழையில் 60 இருக்கிறது. கோடையில் 20உம் போரில் 40உம். தட்டுத் தடுமாறி ஓடியது.

முதல் ஆண்டு பிறந்த குட்டியில் இருபதை விற்காமல் நிறுத்திக்கொண்டான். 60 ஆடு ஆயிற்று, பருவத்துக்கு 77 கொட்டை. மழையிலேயே போரிலிருந்து 17 எடுக்கவேண்டி வந்தது. கோடை பிறந்தபோது மீதி 23, காட்டில் 20. முப்பத்து நாலு ஆட்டுக்குத் தீனி இல்லை. எல்லாரும் விற்கிற மாதத்தில் பாதி விலைக்கு விற்றான். 'நாற்பதுக்கு மேல் வைக்கக்கூடாது' என்று எந்தச் சட்டமும் நான் போடவில்லை. அவனாகவே அடுத்த ஆட்டத்தில் குட்டிகளைத் தையிலேயே சந்தைக்கு அனுப்பினான்.

அந்த இரண்டாவது ஆட்டத்தில் பட்டியைச் சேர்த்தோம். ஆட்டை வயலில் அடைத்தால் தட்டு 40க்குப் பதில் 60. அதே நாற்பது ஆடுதான், ஒன்றுகூடக் கூடவில்லை. ஆண்டுக்குக் காட்டில் 80, போரில் 60, மொத்தம் 140. இருக்கிறவற்றின் தீனி 114. இன்னொரு ஜோடி எருதுக்கு ஆண்டுக்கு 24 வேண்டும்; சேர்த்தால் 138. இரண்டு கொட்டை மிச்சம் வைத்து இரண்டாவது ஏர் பூட்டினான். கறி விலையையோ தோல் விலையையோ நாங்கள் தொடவே இல்லை. ஆடு படுத்து எழுந்ததில் எருது வந்தது. எருது வந்ததில் இன்னொரு வயல்.

வெள்ளாட்டுக்குத்தான் இடம் கிடைக்கவில்லை. புல்லில் பங்கு கேட்காது என்று வைத்தால் இலவசமாக ஆகிவிடுகிறது; செம்மறி மாதிரியே வைத்தால் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. சாயங்காலம் மாடு பிடித்துக் கட்டிவிட்டு வந்த அப்பா கொட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வேலியத் தின்னுபோடுங் கண்ணு அது. வேலி அடைக்க ஒரு ஆளப் போடு" என்றார். அவன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான்: பத்து வெள்ளாட்டுக்கு ஓர் ஆள், வேலிக்கு.